வரைபடத்தில் ஊர் இருக்கும், கடை இருக்காது: எப்ரோ பள்ளத்தாக்கில் நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

எப்ரோ ஸ்பெயினின் பெரிய ஆறுகளில் ஒன்று. வடக்கே கந்தாப்ரியாவில் ஃபோந்திப்ரே என்ற இடத்தில் பிறந்து, சுமார் 930 கிலோமீட்டர் ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. பிறந்த கொஞ்ச தூரத்திலேயே, புர்கோஸ் மாகாணத்துக்குள் நுழையும்போது, சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்காக வளைந்து வளைந்து போகிறது. ஒர்பனேஹா டெல் காஸ்தில்லோ, வால்தெலாதேஹா, பெஸ்கேரா தெ எப்ரோ என்று கல் வீடுகள் நிறைந்த பழைய ஊர்கள் இந்த வளைவுகளில்தான் இருக்கின்றன. ருத்ரோன் என்ற சிற்றாறும் இங்கே வந்து சேர்கிறது. இரண்டு ஆறுகளையும் சேர்த்து இயற்கைப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள்.

மாட்ரிட், பார்சிலோனா பார்த்து முடித்துவிட்டு, கிராமப் பக்கம் நாலு நாள் நடக்கலாம் என்று கிளம்புபவர்களுக்கு நல்ல இடம். கஷ்டமான மலையேற்றம் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, தயாரிப்பே இல்லாமல் வந்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, ஊர்களை எண்ணித் திட்டம் போடுவது. வரைபடத்தைப் பார்த்தால் நாலைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில், ஊர் என்றால் ஒரு டீக்கடை, ஒரு பெட்டிக்கடை, ஒரு குழாய் நிச்சயம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். இங்கே அது பலிக்காது. ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமங்கள் கடந்த நூற்றாண்டில் பெருமளவு காலியாகிவிட்டன. அதற்கு ‘காலியாக்கப்பட்ட ஸ்பெயின்’ என்று அவர்களே பெயரும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு நல்ல உதாரணம் கோர்த்திகேரா. ஆற்றுக்கு மேலே உயரத்தில், பிரபுக்கள் கட்டிய பெரிய வீடுகள், வாசலுக்கு மேல் குலச்சின்னம் செதுக்கிய கல், உள்ளே எட்டிப் பார்த்தால் கூரை இடிந்து மரம் முளைத்திருக்கும். சில வீடுகளைப் பழுதுபார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் விற்க ஆள் கிடையாது.

ஆள் இருக்கிற ஊர்களிலும் கதை பெரிதாக மாறாது. காபியும் சாப்பாடும் கிடைக்கும் ‘பார்’ ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். அதுவும் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், குளிர்காலத்தில் மாதக் கணக்கில் மூடியிருக்கலாம். ஏடிஎம் எதிர்பார்க்க வேண்டாம், பணமாகக் கையில் கொஞ்சம் இருக்கட்டும். தண்ணீரையும் சாப்பாட்டையும் புர்கோஸ் நகரிலேயே வாங்கி முதுகில் போட்டுக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம். ஊர் நடுவில் கல் தொட்டியில் தண்ணீர் கொட்டும் குழாய்கள் பல இடங்களில் உண்டு. பக்கத்தில் ‘நோ பொதாப்லே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. ‘நோ த்ராதாதா’ என்றால் சுத்திகரிக்கப்படாத நீர். உள்ளூர்க்காரர்கள் குடிப்பார்கள், உங்கள் வயிற்றைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது நேரக் கணக்கு. ஆற்றங்கரை நடைதானே, சமதரையாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. பெஸ்கேராவில் தொடங்கி, கோர்த்திகேரா ஏறி, வால்தெலாதேஹாவில் இறங்கி, ஆற்றோரமாகத் திரும்பும் சுற்றுப் பாதை இங்கே மிகப் பிரபலம். சுமார் 13 கிலோமீட்டர். பாதி தூரம் ஆற்றோர நிழல்தான், ஆனால் மீதிப் பாதியில் பள்ளத்தாக்கின் சுவரில் ஏறி இறங்க வேண்டும். பள்ளத்தாக்கின் ஆழம் சில இடங்களில் 200 மீட்டர் வரை போகும். வழிகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம்தான். போட்டோ எடுக்கவும், பாறை விளிம்பில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகளை அண்ணாந்து பார்க்கவும் தனியாக ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வால்தெலாதேஹாவுக்கு மேலே சியேரோ குன்றின் உச்சியில் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கொண்ட சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் ஏறுவதாக இருந்தால் அந்த நாளில் வேறு எதையும் வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், கூட்டம் அலைமோதும் ஒர்பனேஹாவை விட்டுவிட்டாவது இதற்கு ஏறலாம்.

நேரத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது சாப்பாடு. மதியச் சாப்பாடு 2 மணிக்குத்தான் தொடங்கும், 4 மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாடு 9 மணிக்கு. 5 மணிக்குப் பசியோடு இறங்கி வந்து கெஞ்சினாலும் கிடைப்பது ஒரு பொட்டலம் சிப்ஸ்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புர்கோஸின் பெருமைக்குரிய மொர்ஸில்லாவில் அரிசி உண்டு. அரிசியைப் பார்த்த சந்தோஷத்தில் வாயில் வைத்துவிடாதீர்கள், அது பன்றி ரத்தத்தில் செய்த தொத்திறைச்சி. பருப்புச் சூப்பில் சோரிஸோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், காய்கறி சாலட்டில் சூரை மீன் இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஹாமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை) வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

பாதைக் குறிகளைப் படிக்கத் தெரியாமல் தடுமாறுகிறவர்களும் உண்டு. கல்லிலும் மரத்திலும் இரண்டு வண்ணப் பட்டைகள் பூசியிருப்பார்கள். வெள்ளையும் சிவப்பும் என்றால் ஜிஆர், அதாவது 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடும்பாதை. எப்ரோவை ஒட்டியே போகும் ஜிஆர் 99 அப்படிப்பட்டது. கடல் வரைக்கும் போகும். வெள்ளையும் மஞ்சளும் பிஆர், 10 முதல் 50 கிலோமீட்டர். வெள்ளையும் பச்சையும் எஸ்எல், அதைவிடச் சின்னது. இரண்டு பட்டைகளும் பெருக்கல் குறி போலக் குறுக்கே வெட்டிக்கொண்டால், இந்தப் பக்கம் போகாதே என்று பொருள். ஆற்றோரத்தில் ஜிஆரும் பிஆரும் ஒரே தடத்தில் சேர்ந்து ஓடிவிட்டு, ஓர் இடத்தில் சத்தமில்லாமல் பிரிந்துவிடும். சிவப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கார் நிறுத்திய ஊரைத் தாண்டிப் போய்விடுவீர்கள். பள்ளத்துக்குள் போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112.

ஆறு அமைதியாகத் தெரிகிறதே என்று இறங்குவது ஆபத்தான தவறு. மேலே ரெய்னோசா ஊருக்குப் பக்கத்தில் பெரிய அணை இருக்கிறது. கீழே இருக்கும் வயல்களுக்காகக் கோடையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். மழையே இல்லாத ஜூலையிலும் ஓட்டம் வேகமாக, உறைய வைக்கும் குளிரோடு இருக்கலாம். வெயில் காலத்து ஆறு என்று நம் ஊர் மணல் ஆறுகளை நினைத்துக்கொண்டு கால் வைக்க வேண்டாம். ஒர்பனேஹாவில் குகையிலிருந்து வரும் நீர் ஊர் நடுவே ஓடி, சுமார் 25 மீட்டர் அருவியாக விழுந்து, கீழே பச்சைநீலக் குளங்களாகத் தேங்கும். அதில் குளிக்கத் தடை. குளங்களின் விளிம்பு, நீரில் கரைந்த சுண்ணாம்பு படிந்து படிந்து உருவான மென்மையான கல், மிதித்தால் நொறுங்கும். அருவியைக் கோடையில் பார்க்க வந்து ஏமாறுகிறவர்களும் உண்டு. மழை பொய்த்தால் மெலிந்துவிடும். வசந்தகாலத்தில் வாருங்கள்.

புர்கோஸ் அடங்கிய காஸ்தில் பகுதியின் வானிலையைப் பற்றி அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு: ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம். பகலில் மேலே மரமில்லாத மேட்டு நிலத்தில் வெயில் கொளுத்தும், அன்று ராத்திரியே ஸ்வெட்டர் தேடுவீர்கள். உயரமான புல்லில் நடந்தால் உண்ணி ஏறும். முழுக்கால்சட்டை போடுங்கள், சாயங்காலம் முழங்கால் மடிப்பைப் பாருங்கள்.

இலையுதிர் காலத்தில் காடு அழகாக இருக்கும், ஆனால் அதுதான் வேட்டைக் காலமும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். ‘பதீதா’ அல்லது ‘மொந்தேரியா’ என்று பலகை வைத்திருந்தால் விவாதம் வேண்டாம், திரும்பிவிடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுவதும் நல்லது.

அப்புறம் நாய். ஆட்டு மந்தைக்குக் காவலாக மஸ்தீன் என்ற கன்றுக்குட்டி அளவு நாய்கள் இருக்கும். ஓநாயை விரட்டுவதற்காக வளர்க்கப்படுபவை. குரைத்துக்கொண்டு வந்தால் நம் கை தானாகக் குனிந்து கல்லை எடுக்கும். அதைத்தான் செய்யக் கூடாது. ஓடவும் கூடாது. மந்தைக்கு நடுவே புகாமல், தூரமாகச் சுற்றி மெதுவாக நடந்தால் தன் எல்லை முடிந்ததும் அதுவே நின்றுவிடும். மேய்ச்சல் நிலத்தின் கதவைத் திறந்தால் திரும்ப மூடிவிட்டுப் போங்கள்.

பஸ்ஸை நம்பி வருவதும் சரிப்படாது. புர்கோஸிலிருந்து சாந்தாந்தேர் போகும் என்-623 சாலை பக்கத்தில்தான் போகிறது, ஆனால் உள்ளூர்களுக்குள் வரும் பஸ்கள் மிகக் குறைவு. திரும்பும் பஸ் எந்தக் கிழமை என்பதை முதலில் உறுதி செய்துவிட்டு மற்றதை யோசியுங்கள், இல்லையென்றால் கார் எடுங்கள்.

கடைசியாக, பூட்டிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நடையைக் கட்டாதீர்கள். சின்ன ஊர்களில் சாவி பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பாட்டி யாரிடமாவது இருக்கும். தெருவில் யாரைப் பார்த்தாலும் ‘புவேனாஸ்’ என்று சொல்லிவிட்டு, கையால் சாவி திருப்புவது போலக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள். மதியம் 3 மணிக்கு மட்டும் கதவைத் தட்டாதீர்கள், பாட்டி தூங்குவார்.