செட்டிநாட்டு வெயிலில் கம்போசிட் டெக்: பலகை வாங்குவதிலிருந்து கடைசிக் கிளிப் வரை

கம்போசிட் பலகை வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். டெக், அதாவது திறந்தவெளியில் சட்டத்தின் மேல் பலகை பரப்பிப் போடும் தரை; அந்த வேலையில் எடுக்கிற முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குணத்தைப் பொறுத்தவை.

மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் (பெரும்பாலும் எச்டிபிஇ) உருக்கிக் கலந்து, அச்சு வழியாகத் தள்ளி எடுப்பதுதான் இந்தப் பலகை. கடையில் டபிள்யூபிசி என்பார்கள். தேக்கு ஈரம் பட்டால் அகலத்தில் ஊதும். நீளத்தில் அசைவு தெரியவே தெரியாது. கம்போசிட்டில் கதை தலைகீழ், நீளவாட்டில்தான் ஓட்டம் அதிகம். தேக்கில் பழகிய ஆசாரி இரண்டு பலகையின் முனைகளை இடுக்கே இல்லாமல் முட்ட வைப்பார், மரத்தில் அது நல்ல வேலைக்கு அடையாளம். இங்கே அதுவே பலகையை எழுப்பிவிடும்.

கணக்காகப் பார்ப்போம். 2.9 மீட்டர் பலகை மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கிறது. அதே பலகை சித்திரை மதியத்தில், நிழலில்லாத மாடியில், 60 டிகிரியைத் தொடும். இந்த 40 டிகிரி வித்தியாசத்துக்கு நீளம் ஏறக்குறைய 4 முதல் 5 மி.மீ. கூடும். அதற்கு இடம் விடாவிட்டால் பலகை தானே இடம் தேடிக்கொள்ளும்: நடுவில் வில்லாக வளையும், இல்லையென்றால் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும்.

எங்கே போடலாம், எங்கே கூடாது

கான்கிரீட் தளம் போட்ட மொட்டை மாடி, பால்கனி, பின்புறத் தோட்டம், கிணற்றடியை ஒட்டிய திறந்தவெளி, இவையெல்லாம் பொருத்தமான இடங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேல் போடாதீர்கள். கையால் வார்த்த அந்தக் கல்லில் டிரில் போட்டால் விரிசல் ஓடும். துளை போடாமல் மேலே பரப்பினாலும் அடியில் ஈரம் அடைந்து உப்புப் பூத்துவிடும். அந்தக் கல்லுக்கு மெருகு கொடுப்பதே தினமும் துடைப்பதும் காலடி படுவதும்தான்; மூடிவிட்டால் இரண்டும் நின்றுபோகும். வளவு முற்றமும் அப்படியே. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் விழுந்து வடிகிற இடம் அது, மூடினால் அடியில் சேறும் கொசுவும் சேரும்.

பழைய வீட்டு மாடியென்றால் முதலில் தளத்தின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். தேக்கு உத்திரக்கட்டைமேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டோடு பதித்த தளத்தில் ஓர் ஆணிகூட இறக்கக் கூடாது. தட்டோட்டில் விழும் ஒரு துளை ஐப்பசி மழையில் உத்திரத்துக்கு நேராக ஈரத்தைக் கொண்டுபோகும். சுமையைப் பற்றிக் கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை அந்த மாடியைத் தொட வேண்டாம். இன்றைய கான்கிரீட் மாடிக்குப் பலகை ஒரு பாரமே அல்ல. உள்ளே துளையுள்ள பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ, கெட்டிப் பலகை 30 கிலோ வரும். டெக்மேல் வரிசையாக வைக்கிற மண்தொட்டிகளின் எடையைத்தான் யோசிக்க வேண்டும்.

பலகை தேர்வு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். குளியலறைக் கதவுக்கும் சமையலறை அலமாரிக்கும் டபிள்யூபிசி என்ற பெயரில் விற்கும் ஷீட்களில் பெரும்பாலானவை பிவிசி நுரைப் பலகைகள். அவற்றை வெயிலில் டெக்காகப் போட முடியாது. ‘டெக்கிங்’ என்று தனியாகக் கேளுங்கள். பொதுவாக 140 மி.மீ. அகலம், 21 முதல் 25 மி.மீ. கனம் இருக்கும்.

அதில் இரண்டு வகை. ஒன்று மேலுறை இல்லாதது, மரத்தூள் கலவையே மேற்பரப்பு. இன்னொன்றில் கலவையைச் சுற்றிப் பிளாஸ்டிக் மேலுறை சேர்த்தே வார்த்திருக்கும். மேலுறை இல்லாத பலகை விலை குறைவு. ஆனால் முதல் சில மாதங்களில் வெளுக்கும். முதல் மழைகளில் தேயிலைச் சாயம் போலப் பழுப்புத் தண்ணீர் விடும். அடியில் வெள்ளைக் கூலிங் டைல் இருந்தால் கறை பிடிக்கும், மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கு விடுகிற வீடென்றால் அந்த நீரும் அங்கேதான் போகும். எண்ணெய் சிந்தினாலும் ஊறிவிடும். கையில் காசு குறைவாக இருந்தால் டெக்கின் பரப்பைக் குறைத்துக்கொண்டு மேலுறை உள்ளதையே வாங்குங்கள்.

நிறத்தைக் கடையின் விளக்கு வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். மூன்று நிறத்தில் ஒரு அடித் துண்டுகள் வாங்கி வந்து மாடியில் மதியம் ஒரு மணிக்கு வையுங்கள். இரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஒவ்வொன்றின் மேலும் நின்று பாருங்கள். செருப்பில்லாமல் புழங்குகிற வீட்டில் இந்தச் சோதனைக்கு மேல் வேறு எதுவும் வேண்டாம். காப்பிக்கொட்டை நிறமும் கருஞ்சாம்பலும் படத்தில் அழகு. நம் ஊர்ப் பங்குனி மதியத்தில் குழந்தை கால் வைக்க முடியாது. வெளிர் சாம்பலும் மணல் நிறமும் கொஞ்சமாவது தாங்கும்.

அதே துண்டுகளில் ஒன்றைச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். எடை கூடுதல் 1 சதவீதத்துக்குள் நின்றால் நல்ல பலகை. அறுத்த முனை ஊதித் தூள் உதிர்ந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது

மாடியில் 3.6 மீட்டருக்கு 2.9 மீட்டர், அதாவது ஏறத்தாழ 12 அடிக்கு 9½ அடி இடம் என்று வைப்போம். ஒரு நீளப்பக்கமும் ஓர் அகலப்பக்கமும் கைப்பிடிச் சுவரை ஒட்டியவை. பலகையை 2.9 மீட்டர் வாக்கில் ஓட்டினால் நடுவில் இணைப்பே வராது. இணைப்பில்லாத டெக்கில் கோளாறும் குறைவு, அதனால் டெக்கின் அளவையே கடையில் கிடைக்கும் பலகை நீளத்துக்கு ஏற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

140 மி.மீ. பலகையும் 5 மி.மீ. இடைவெளியும் சேர்ந்து 145. 3,600-ஐ 145-ஆல் வகுத்தால் 24.8, ஆக 25 பலகை. சேதாரத்துக்கும், பின்னாளில் ஒன்று மாற்ற வேண்டி வந்தால் அதே நிறம் கிடைக்காது என்பதற்காகவும் இரண்டு கூடுதல். மொத்தம் 27. சுவர் ஓரத்தில் விடும் 12 மி.மீ. போக, கடைசிப் பலகையை நெடுக அறுத்து 108 மி.மீ. ஆக்க வேண்டியிருக்கும், அந்தப் பலகையைச் சுவர்ப்பக்கம் கண்ணுக்குப் படாத ஓரத்தில் வைப்பது உத்தமம்.

அடிச்சட்டம் பலகைக்குக் குறுக்கே ஓடும். துளைப் பலகைக்குச் சட்டங்களின் நடுவுக்கு நடு 300 மி.மீ., கெட்டிப் பலகைக்கு 350 மி.மீ. வரை போகலாம், கம்பெனித் தாளில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே கணக்கு. நம் இடத்துக்குக் கெட்டிப் பலகை என்று கொண்டு 10 சட்டம் வைத்தால் இடைவெளி சுமார் 315 மி.மீ. வரும். பத்துச் சட்டத்துக்கு 36 மீட்டர், வெட்டுச் சேதத்தோடு 40 மீட்டர் வாங்குங்கள். கிளிப் 24 இடைவெளிக்குப் பத்துப் பத்தாக 240. முதல் பலகைக்குத் தொடக்கக் கிளிப் 10, கடைசிப் பலகைக்கு முடிப்புக் கிளிப் 10. கீழே விழுந்து தொலைவதற்கு இருபது சேர்த்தே வாங்குங்கள்.

அடிவேலை

டெக் நிலைப்பது அடிச்சட்டத்தில். பலகையில் பேரம் பேசி மிச்சம் பிடித்த காசை இங்கே போட்டாலும் தகும்.

மாடியில் முதல் வேலை தண்ணீர் கட்டிப் பார்ப்பது. வடிகுழாய் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். கீழே அறையின் கூரையில் ஈரம் தெரிந்தால் நீர்க்காப்பு வேலையை முடித்த பிறகுதான் டெக். மேலே டெக் போட்டுவிட்டு ஒழுகல் தேடினால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். வாட்டம் மீட்டருக்கு 10 மி.மீ. இருக்கிறதா என்றும் நூல் பிடித்துப் பாருங்கள்.

மாடித் தளத்தில் துளை போடாமல் சட்டத்தைத் தூக்கி நிறுத்த, உயரம் திருகிச் சரிசெய்யும் பிளாஸ்டிக் பெடஸ்டல்கள் கிடைக்கின்றன. சட்டத்துக்கடியில் 500 மி.மீ.க்கு ஒன்று, நம் இடத்துக்கு 90 வரும். தளத்தின் வாட்டம் கீழே அப்படியே இருக்க, மேலே டெக் மட்டமாக நிற்கும், தண்ணீர் தடையின்றி ஓடும். வாசற்படி தாழ்வாக இருந்து அந்த உயரத்துக்கு இடமில்லை என்றால் சட்டத்தை நேராகத் தளத்தின் மேல், வாட்டம் போகிற திசையிலேயே படுக்க வையுங்கள். குறுக்கே வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஒரு வரப்பு. எந்த முறையானாலும் மாடிக் கதவு டெக்கின் மேல் தட்டாமல் திறக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.

சட்டத்துக்கு அலுமினியக் குழாய் சிறந்தது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போட்டால் வெட்டிய, வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். கம்போசிட் சட்டம் நீளவாக்கில் முழுக்கத் தளத்தில் படிந்திருந்தால் மட்டும் சரி, பெடஸ்டல்மேல் தொங்கவிட்டால் தொய்யும். மரச்சட்டம் வேண்டவே வேண்டாம். கரையான் மேல் பலகையை விட்டுவிட்டு அடிச்சட்டத்தைத் தின்றுவிடும்.

தோட்டத்தில் செம்மண்மேல் நேராகச் சட்டம் வைக்கக் கூடாது. மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 75 முதல் 100 மி.மீ. கான்கிரீட் வாட்டத்தோடு போட்டு, அதன்மேல் வையுங்கள். டெக்கின் ஓரங்களை முழுக்க மூடிவிடாமல் துருப்பிடிக்காத கம்பி வலை அடித்தால் காற்று போகும், பாம்பு போகாது.

பலகை ஓட்டுதல்

பலகைகள் வந்ததும் இரண்டு நாள் அதே மாடியில், நிழலில், மட்டமாகப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்தால் வளையும்.

மூலையை 3-4-5 அளவில் சரிபாருங்கள்: ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 அளந்தால் குறுக்கே 5 வர வேண்டும். பெடஸ்டல் அடுக்கி, சட்டம் வைத்து, குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த பிறகே பலகையில் கை வைக்க வேண்டும். தொழிற்சாலை முனை எப்போதும் மூலைமட்டத்துக்கு இருக்காது; கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பத்தால் முனையைச் சீவி 2.88 மீட்டராக்குங்கள். ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம், சூட்டில் முனை உருகிப் பிசுபிசுக்கும்.

தொடக்கக் கிளிப்புகளைச் சட்டங்களில் வரிசையாகத் திருகி முதல் பலகையைச் செருகுங்கள். இந்த ஒன்று நூல் பிடித்தாற்போல நேராக இருந்தால் மற்றவை தானாக வரும். பிறகு பக்கவாட்டுப் பள்ளத்தில் கிளிப் வைத்து, ஸ்குரூவைப் பாதி இறக்கி, அடுத்த பலகையைத் தள்ளிச் சேர்த்த பின் முழுக்க முடுக்குங்கள். டிரில்லின் முறுக்குவிசையைக் குறைவாக வையுங்கள். எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) ஸ்குரூவே வேண்டும். கிளிப் பலகையைப் பிடிக்க வேண்டும், நசுக்கக் கூடாது. ஒவ்வொரு பலகைக்கும் நீளத்தின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஸ்குரூவால் அசையாமல் நிறுத்துங்கள். நீட்சி இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும், பலகை மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து போகாது.

சுவர் ஓரத்தில் 12 மி.மீ. விடுங்கள். நீளமான டெக்கில் முனைக்கு முனை இணைப்பு தவிர்க்க முடியாவிட்டால், காலைக் குளிரில் போடும்போது 6 மி.மீ., உச்சி வெயிலில் போடும்போது 3 மி.மீ. இணைப்பின் அடியில் ஒரே சட்டத்தைப் பங்கு போடாமல் இரண்டு சட்டம் ஒட்டி வைத்து, ஒவ்வொரு முனைக்கும் தனித்தனிக் கிளிப் கொடுங்கள்.

வடிகுழாய் வாய்க்கு நேர் மேலே அரை மீட்டர் சதுரத்துக்குக் கிளிப் போடாமல், மேலிருந்து ஸ்குரூ கழற்றித் தூக்கக்கூடிய மூடி அமையுங்கள். வேலையில் மறந்துபோகிற இடம் இது. வேப்பிலை அடைத்தால் ஐப்பசியில் டெக்கின் அடியில் குளம்தான்.

கோளாறுகளும் காரணங்களும்

நடுவில் பலகை எழும்பியிருந்தால் முனை இடைவெளி போதவில்லை. முனையை 5 மி.மீ. சீவினால் அடங்கும். நடக்கும்போது தொய்ந்தால் சட்டங்களின் தூரம் அதிகம், பிரித்துப் போடுவதைத் தவிர வழியில்லை. கிறீச்சென்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு பெடஸ்டல் தளத்தைத் தொடாமல் தொங்குகிறது. நிழலில் மட்டும் கரும்புள்ளி பூசணம் வந்தால் இலைக்குப்பை இடுக்கில் அடைந்து ஈரம் காயவில்லை. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பிரஷர் வாஷர் மேலுறையைக் கீறும்.

நெருப்பு விஷயத்தில் கவனம் தேவை. எச்டிபிஇ ஏறக்குறைய 130 டிகிரியில் உருகும். கார்த்திகைக்கு அகல் வைத்தால் அடியில் தட்டு வையுங்கள். பொங்கல் அடுப்பையும் தீபாவளிப் பட்டாசையும் டெக்கைவிட்டு வெறும் தளத்துக்குக் கொண்டுபோங்கள். பெயின்ட் கோலம் போட்டால் பின்னர் அழியாது. அரிசி மாவுக் கோலம் தாராளமாகப் போடலாம், துடைப்பத்தால் கூட்டினாலே போய்விடும்.