இலங்கையின் மலையகத்தில் புற்றுநோயாளரின் நலத்தை ஆராய விரும்புவோருக்கு

கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதை வைத்தியர் பார்க்கிறார். அந்தக் கட்டியோடு வாழ்பவர் இரவில் தூங்குகிறாரா, பிள்ளையின் பள்ளிச் செலவை நினைத்து அடுத்த கீமோதெரபி ஊசிக்குப் போகாமல் விடுகிறாரா, கல்யாண வீட்டில் மற்றவர்களோடு அமர்ந்து சாப்பிடுகிறாரா என்பதை முறையாக அளப்பதே சுகாதார உளவியலாளரின் வேலை. இவர் மனநல மருத்துவர் அல்லர், மருந்து எழுதுவதில்லை. நோயை உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே உருவாக்குகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் ஏங்கல் 1977 இல் எழுதினார். அதே ஆண்டில் நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் ஜிம்மி ஹொலண்ட் என்ற பெண் மருத்துவர் நோயாளரின் மனநலத்துக்கெனத் தனிச் சேவையைத் தொடங்கினார். துறை இவ்வளவு இளமையானது என்பதால், மலையகத்தின் ஹட்டனிலோ பதுளையிலோ இருந்து வரும் ஒருவர் செய்யக்கூடிய வேலை இன்னும் நிறையவே மீதமிருக்கிறது.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உளவியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டமும், அதன்பின் ஆய்வை உள்ளடக்கிய முதுமாணிப் பட்டமோ கலாநிதிப் பட்டமோ தேவை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்கலாம். பாடநூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் முதல் ஆண்டிலேயே வாசிப்பு வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். புள்ளியியலைக் கண்டு ஒதுங்காதீர்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சிங்களமும் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயாளி தமிழில் பேசினாலும், அவருடைய கோப்பைப் பற்றித் தாதியிடமும் வைத்தியரிடமும் நீங்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஆய்வுத் தலைப்பை நூலகத்தில் இருந்து தெரிவு செய்வதற்கு முன், அனுமதி பெற்றுச் சில வாரங்கள் புற்றுநோய்க் கிளினிக்கின் வாங்கில் உட்கார்ந்திருங்கள். இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் முன்னணியில் உள்ளன. குளிரிலும் பசியிலும் வேலை செய்பவர்களிடம் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் பரவியுள்ள தேயிலைத் தோட்டங்களில், வாய்ப் புற்றுநோய் ஒரு குடும்பத்தின் குற்ற உணர்வையும் கூடவே கொண்டு வருகிறது. ‘போட்டதால வந்தது’ என்று மனைவி ஒரு முறை சொன்ன சொல் கணவரை எவ்வளவு காலம் உறுத்துகிறது என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது.

அளவுகோல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். 1993 இல் வெளியான ஈ.ஓ.ஆர்.டி.சி. க்யூ.எல்.க்யூ. சி30 என்ற, புற்றுநோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாக்கொத்து உலகெங்கும் பயன்படுகிறது. அதில் முப்பது கேள்விகள் உள்ளன. முதல் கேள்வியே கனமான கடைப்பையையோ பயணப் பெட்டியையோ தூக்குவதில் சிரமம் உண்டா என்று விசாரிக்கிறது. பயணப் பெட்டியை வாழ்நாளில் இரண்டு முறை தூக்கிய, தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், கொழுந்துக் கூடையோடு மலை ஏற முடியாமல் தவித்துக்கொண்டே, ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடுவார். அதற்காக வாசகத்தை நாமாக மாற்றிவிடக்கூடாது. உருவாக்கியவர்களுக்கு எழுதி அனுமதி பெற வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்கிய பின் இரண்டையும் ஒன்றாக்கி, வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டு, பின்னர் பத்துப் பதினைந்து நோயாளரிடம் சோதிக்க வேண்டும். தமிழாக்கம் ஏற்கெனவே இருந்தாலும் இந்தக் கடைசிப் படியை விடாதீர்கள். சென்னையில் பொருந்தும் சொல் மலையகத்துச் சாமிமலையில் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

1983 இல் வந்த, பதினான்கு கேள்விகள் கொண்ட எச்.ஏ.டி.எஸ். என்ற மனப்பதற்ற, மனச்சோர்வு அளவுகோல் இன்னொரு பாடம் கற்பித்தது. அச்சத்தைக் குறிக்க வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பது போன்ற உணர்வு என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி உள்ளது. பட்டாம்பூச்சியை நேரே கொண்டுவந்தால் நோயாளி சிரிப்பார். ‘வயித்தக் கலக்குது’ என்று வைத்தால் தமிழுக்குப் பொருந்துகிறது, ஆனால் கீமோதெரபி பெறுபவருக்கு அது வயிற்றுப்போக்கு! என் முதல் சோதனையில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் பாதி மருந்தின் பக்கவிளைவு என்பது, ஒரு பாட்டி ‘ஊசி போட்ட மறுநாளு மட்டுந்தான் கலக்குது’ என்று விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த அளவுகோல் உடல் அறிகுறிகளைத் தவிர்த்து ஆக்கப்பட்டதே இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான். நம் மொழிபெயர்ப்பு அதைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டது.

பதில்களின் அளவிலும் கவனம் வேண்டும். மலையகத்தில் ‘கொஞ்சம்’ என்பது பல வேளைகளில் அளவைச் சொல்லும் சொல் அல்ல, மரியாதை. கேள்வி கேட்க வந்திருக்கும் பிள்ளையைச் சங்கடப்படுத்தக்கூடாது என்பதற்காகவே அம்மாமார் அதைச் சொல்கிறார்கள். ஆகவே கட்டத்தில் குறியிடுவதற்கு முன், நேற்று எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்; பதில் தானாகவே இடம் மாறுவதைக் காண்பீர்கள்.

நாள் தெரிவு இன்னும் நுணுக்கமானது. சி30 வினாக்கொத்து பெரும்பாலும் கடந்த ஒரு வாரத்தையே கேட்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி பெறுபவரை அடுத்த ஊசிக்கு வரும் நாளில் கேட்டால், அவர் மெதுவாகத் தேறிய வாரத்தைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள். வாந்தியும் அசதியுமாகக் கிடந்த முதல் வாரம் கணக்கில் வராது. கிளினிக்கில் மட்டும் சேர்த்த தரவு நோயாளரின் துன்பத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், முடிந்தால் ஊசிக்குப் பின்னான வாரத்தில் தொலைபேசியிலும் கேளுங்கள். ஒவ்வொரு படிவத்திலும் கடைசி ஊசியின் திகதியையும், சம்பளம் கிடைத்த நாளிலிருந்து எத்தனை நாள் என்பதையும் குறியுங்கள். பணச் சிரமம் பற்றிய கேள்விக்கான பதில் சம்பள வாரத்தில் ஒரு மாதிரியும் அதற்கு முந்திய வாரத்தில் வேறு மாதிரியும் வரும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகக் கண்டியிலோ மஹரகமவிலோ வாரக்கணக்கில் தங்குபவர் அத்தனை நாள் ‘பெயரையும்’, அதாவது நாட்கூலியையும், இழக்கிறார் என்பதையும் மறக்கக்கூடாது.

நோயின் பெயரை மறைக்கும் குடும்பங்கள் ஏராளம். ‘கட்டி’ என்று மட்டும் அறிந்திருக்கும் ஐயாவிடம் ‘புற்றுநோயாளரின் நலம்’ என்று தலைப்பிட்ட தகவல் தாளை நீட்டினால், வைத்தியர் சொல்லாததை ஆய்வாளர் சொல்லிவிட்டார் என்றாகும். அவருக்கு என்ன தெரியும் என்பதைத் தாதியிடம் முன்கூட்டியே கேளுங்கள். தெரியாதவரைச் சேர்க்காமல் விடுவது என்பதே என் முடிவு. பொய்த் தலைப்போடு பெற்ற சம்மதம் சம்மதமாகாது. இந்த முடிவை, ஆய்வுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறிக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கையொப்பத்தையும் இலேசாக எண்ண வேண்டாம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகத்தின் மூத்தவர்கள் ஒரு படிவத்தைக் கண்டால் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. சாட்சியோடு வாய்மொழிச் சம்மதம் பெறுவதற்கும் குழுவிடம் முன்னரே அனுமதி கேளுங்கள்.

தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி தேவை. ஆனால் துரையோ (தோட்ட முகாமையாளர்) கங்காணியோ (வேலை மேற்பார்வையாளர்) ஆட்களை அழைத்துத் தரும் ஏற்பாட்டை ஏற்காதீர்கள், ஏனெனில் அந்த அழைப்பை மறுக்க முடியாது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்து அறையில் பேட்டி எடுப்பதும் சரியல்ல, பக்கத்து அறைக்குச் சொல் தெளிவாகக் கேட்கும். கோயில் மண்டபமோ, பிள்ளைகள் போன பிறகு பிள்ளை மடுவமோ (குழந்தைக் காப்பகம்) பொருத்தமான இடங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நல்ல நேரம். அவர்கள் தரும் சாயத்தண்ணியை (பால் சேராத தேநீர்) மறுக்காதீர்கள்.

பேட்டியின்போது ஒருவர் சாக விரும்புவதாகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதை முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும்: எந்த வைத்தியரிடம், எந்த வாட்டுக்கு, யார் அழைத்துச் செல்வது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் உறையில் எழுதிக் கொடுங்கள்.

ஆய்வு முடிந்ததும் கட்டுரை வெளியாகும் வரை காத்திருக்காமல், முடிவுகளை ஒரு பக்கத் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கிளினிக்கிலும் தோட்டத்திலும் வாசித்துக் காட்டுங்கள். யாருடைய பதிலும் அடையாளம் தெரியக்கூடாது. பத்துக் குடும்பங்கள் உள்ள ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் ‘நாற்பது வயது, மார்பகம்’ என்பதே ஒருவரின் பெயருக்குச் சமம்.