தட்டு கொண்டு வரச் சொன்னால் வெறும் தட்டோடு போகாதீர்கள்

சிட்னிக்கு வந்த முதல் வருடம். மகனின் பள்ளியில் ஆண்டிறுதி விருந்து. அழைப்பின் கடைசி வரியில் 'ப்ளீஸ் பிரிங் எ பிளேட்' என்று போட்டிருந்தார்கள். பாவம், தட்டுக்குத் தட்டுப்பாடு போலிருக்கிறது என்று, ஊரிலிருந்து சுமந்து வந்த எவர்சில்வர் தட்டுகளில் நான்கைத் துலக்கி எடுத்துப் போனேன். மேசை நிறைய கேக்கும் சாண்ட்விச்சும். நடுவில் என் வெறும் தட்டுகள் பளபளத்தன. ஒரு பெண்மணி சிரிக்காமல் வாங்கி, அவற்றில் லாமிங்டனை அடுக்கினார். சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக் அது. அன்றைக்கு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்தப் பேச்சில் 'பிளேட்' என்றால் தட்டு அல்ல, தட்டு நிறையப் பலகாரம். எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஆளுக்கு ஒன்று கொண்டு போகவேண்டும். அமெரிக்காவில் பாட்லக் என்பார்களே, அதேதான். 'பி.ஒய்.ஓ.' என்றிருந்தால் கதை வேறு: உங்களுக்கு வேண்டிய பானத்தை நீங்களே கொண்டு போகவேண்டும். பார்பிக்யூ என்றால் சில வீடுகளில் இறைச்சியும் அப்படித்தான். கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

சரி, எதைச் செய்வது? பெரும்பாலும் நின்றபடியே கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள், அதனால் சாம்பார் சாதம் வேண்டாம். மெதுவடை, மினி இட்லி, காரம் குறைத்த கட்லெட் எல்லாம் நிமிடத்தில் காலியாகும். எட்டுப் பத்துப் பேருக்குப் போதும். கல்யாணக் கணக்குப் போடாதீர்கள்.

பள்ளி விருந்து என்றால் முந்திரி, வேர்க்கடலையை விட்டுவிடுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருப்பார்கள், பல பள்ளிகள் முன்கூட்டியே சொல்லியும் விடும். என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி அருகில் வையுங்கள். இதில் நான் தடுக்கி விழுந்த இடம் பெருங்காயம். அரிசியும் உளுந்தும்தானே என்று வடைக்குப் பக்கத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லாதது) என்று எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், கோதுமை மாவு! கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் அது உண்டு. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம், தட்டின் அடியில் பெயரை ஒட்டி வையுங்கள். நான் ஒட்டவில்லை. ஆனாலும் அந்த நான்கும் மறுவாரமே திரும்பி வந்தன. கல்யாணச் சீராக அம்மா கொடுத்தவை, விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது.