அண்மைக்கால வரலாறு தெரியாத மாணவர்களிடம் ஆசிரியர் செய்யக்கூடாத தவறுகள்

பெர்லின் சுவரின் மீது சுத்தியலோடு மக்கள் ஏறி நிற்கும் படத்தைக் காட்டியபோது, பதினைந்து வயது மாணவி ஒருத்தி, "சுவர் பழசாகிவிட்டதால் இடிக்கிறார்களா, சார்?" என்று கேட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, ஏனெனில் சிரிப்பதற்கு வேண்டிய விவரம் அங்கே யாரிடமும் இல்லை. "இதுகூடத் தெரியாதா?" என்றேன் நான். அந்தப் பாடவேளை முடியும்வரை வேறு கேள்வியே வரவில்லை. வியப்பை முகத்தில் காட்டுவதுதான் முதல் தவறு.

அந்த வியப்புக்குப் பின்னால் ஒரு கணக்குப் பிழையும் இருக்கிறது. 2010இல் பிறந்தவருக்கு, அந்தப் படத்தின் ஆண்டான 1989 என்பது பிறப்புக்கு 21 ஆண்டுகள் முந்தையது. 1975இல் பிறந்த நான் அதே தொலைவு பின்னே சென்றால் 1954, அதாவது வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்ற ஆண்டு வருகிறது. பதினைந்து வயதில் அந்த ஊரின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. கைப்பேசியையோ முந்தைய வகுப்பு ஆசிரியரையோ குறைசொல்வதும் வீண். அண்மைக்காலம் பெரும்பாலும் புத்தகத்தின் கடைசிப் பாடமாகவே இருப்பதால், தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

அடுத்த தவறு, இடைவெளியை ஆண்டுகளின் பட்டியலால் அடைக்க முயல்வது. அந்த மாணவிக்கு 1989 என்ற எண்ணைக் கொடுத்திருந்தால் எதுவும் விளங்கியிருக்காது, ஏனெனில் அவளிடம் இல்லாதது சுவரை யார், யாரைத் தடுப்பதற்காகக் கட்டினார்கள் என்ற செய்தி. மேற்கு பெர்லின் கிழக்கு ஜெர்மனியின் நடுவே இருந்தது என்பதையும், 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறிவிட்ட நிலையில் 1961 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மன் அரசு தன் மக்களையே தடுத்து நிறுத்த அந்நகரைச் சுற்றி வேலியிட்டது என்பதையும் வரைபடத்தில் காட்டினால், சுத்தியல் ஏன் வந்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அரைகுறையாகத் தெரிந்ததை அறியாமை என்று ஒதுக்குவதும் தவறே. மண்டேலா சிறையிலேயே இறந்தார் என்று எழுதும் மாணவனுக்கு அவருடைய பெயரும் நெடுஞ்சிறையும் தெரிந்திருக்கின்றன; 1990இல் விடுதலையானதும், 1994இல் அதிபரானதும், 2013இல் மறைந்ததும்தான் விடுபட்டிருக்கின்றன. சிவப்பு மையால் அடித்துவிட்டால் அவன் வைத்திருந்த பாதியும் போய்விடும்.

நான் விடச் சிரமப்பட்ட தவறு ஒன்று உண்டு: என் நினைவையே பாடமாக நடத்துவது. "நான் தொலைக்காட்சியில் பார்த்தேன்" என்று தொடங்கினால் வகுப்பு ஆர்வத்தோடு கேட்கும், ஆனால் பார்த்தவருக்குக் காரணம் தெரியவேண்டும் என்பதில்லை. 1989 நவம்பர் 9 இரவிலேயே சுவர் இடிந்து விழுந்தது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பயணக் கட்டுப்பாட்டுத் தளர்வு எப்போது அமலுக்கு வரும் என்று செய்தியாளர்கள் கேட்க, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிச் செய்தித் தொடர்பாளர் ஷாபோவ்ஸ்கி தாள்களைப் புரட்டிவிட்டு "உடனடியாக" என்று சொன்னதால் கூட்டம் திரண்டது. அன்று திறந்தவை சோதனைச் சாவடிகள். முறையான இடிப்பு வேலை 1990 ஜூனில்தான் தொடங்கியது. இதை நான் அறிந்துகொண்டது, அந்த மாணவியின் கேள்விக்கு மறுநாள் ஒழுங்காகப் பதில் சொல்வதற்காகப் புத்தகத்தைத் தேடியபோது.