‘சக்சஸ்’ என்று மெயில் வந்தால் நம்பாதீர்கள்: சர்வர் ஆட்டோமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனி, சிம்மக்கல்லில் ஒரு கடை, கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரி என்று நாலைந்து இடத்துக்கு சேர்த்து சர்வர் பார்த்துக்கொடுக்கும் வேலைக்கு இப்போது மதுரையில் நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். லினக்ஸ் தெரிகிறது, பல சர்வரை ஒரே கட்டளையில் அமைக்கும் அன்சிபிள் எழுதுகிறார்கள், பாதி ஸ்கிரிப்ட்டை ஏஐயிடமே எழுதி வாங்கிவிடுகிறார்கள். தவறு மட்டும் பழைய தவறுதான், நாங்கள் அந்தக் காலத்தில் பண்ணிய அதே கூத்து. பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே, அப்டேட் போடு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் சர்வர் ரூம் பக்கமே வரவேண்டாம்.

ஓடியது என்றால் முடிந்தது என்று நினைப்பது

இதைத்தான் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. பில்லிங் சாஃப்ட்வேருக்குப் பின்னால் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். இலவசப் பதிப்பு, நேரம் குறித்து வேலையை ஓட்டும் ஏஜென்ட் அதில் கிடையாது. அதனால் எல்லோரும் செய்வதைத்தான் அங்கே பார்த்துக்கொண்டிருந்த தம்பியும் செய்தார்: கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 11 மணிக்குப் போட்டார். முதலில் டேட்டாபேஸை டி டிரைவில் பேக்கப் எடுக்கும், அப்புறம் விண்டோஸின் காப்பி நிரலான ரோபோகாப்பி அதை மாடியில் இருக்கும் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) அனுப்பும், கடைசியில் முதலாளிக்கு ‘பேக்கப் சக்சஸ்’ என்று ஒரு மெயில் போகும். நாஸ் பெட்டி இசட் டிரைவாக மேப் ஆகியிருந்தது. டபுள் கிளிக் செய்து பார்த்தார், ஃபைல் போய்விட்டது. கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஷெட்யூலரில் ‘லாஸ்ட் ரன் ரிசல்ட்’ ஜீரோ எக்ஸ் ஒன், அதாவது 1 என்று நின்றது. அதைப் பிழை என்று நினைத்துக்கொண்டார். பிழையே இல்லை. ரோபோகாப்பியின் வழக்கம் வேறு: 0 என்றால் காப்பி செய்யப் புதிதாக எதுவும் இல்லை, 1 என்றால் ஒழுங்காகக் காப்பி ஆனது, 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கோளாறு. இது தெரியாமல், பேட்ச் ஃபைலின் கடைசி வரியில் எது நடந்தாலும் ஜீரோவைத் திருப்பிக் கொடு என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து ஷெட்யூலரில் எப்போதும் ஜீரோதான். வீட்டில் புகை வந்தால் கூவும் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்த மாதிரி.

அப்புறம் ஒருநாள் யாரோ கணினியை லாக் ஆஃப் செய்துவிட்டுப் போனதில் டாஸ்க் ஓடவில்லை. உடனே அமைப்பை மாற்றி, ஆள் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்று டிக் செய்தார். நல்ல யோசனைதான். ஆனால் மேப் செய்த டிரைவ் என்பது லாகின் செய்த ஆளின் செஷனுக்கு உரியது, பின்னணியில் ஓடும் டாஸ்க்குக்கு இசட் என்ற டிரைவே கண்ணுக்குத் தெரியாது. ரோபோகாப்பி தினமும் 16 என்று கத்திக்கொண்டிருந்தது. 16 என்றால் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை என்று அர்த்தம். கடைசி வரி அதை ஜீரோவாக்கியது, மெயிலும் தவறாமல் போனது.

டிஸ்க் போனது. சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள், அதனால் டி-யில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே போனது. நாஸைத் திறந்தால் பல மாதத்துக்கு முந்தைய ஃபைல்தான் இருந்தது. முதலாளி போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், “தம்பி, நேத்து ராத்திரிகூட சக்சஸ்னு மெயில் வந்துச்சேப்பா, அப்புறம் எப்படி இல்லாமப் போகும்?” அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஜிஎஸ்டி நம்பர் வைத்திருக்கும் கடைகளுக்குப் போட்ட பில் விவரத்தை, விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் இருந்து பெருமளவு திரும்ப எடுக்க முடிந்தது, அதில் பில் வாரியாக இருக்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஜிஎஸ்டி இல்லாத பெட்டிக்கடைகளுக்குக் கொடுத்த சரக்கு ரிட்டர்னில் மொத்தத் தொகையாகத்தான் போகும், யார் எவ்வளவு பாக்கி என்று அதில் எப்படி இருக்கும்? கார்பன் தாளைப் பிரித்துப் பிரித்து உட்கார்ந்தார்கள். கொடுக்க வேண்டியவர்களில் நல்லவர்கள் கொடுத்தார்கள்.

சின்ன ஊர், சின்ன கடை, அதனால்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரைத் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். 300 ஜிபியில் சுமார் 4.5 ஜிபி மிஞ்சியது. பேக்கப்பைத் தேடிப் போனால் அங்கே எதுவுமில்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, அதனால் அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களோ மெயில் சர்வராலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. ஏதோ ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதற்காக அவர்களை மதிக்கலாம்.

சரி, என்ன செய்வது? மேப் டிரைவை விடுங்கள், நாஸின் பெயரோடு முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள், டாஸ்க் எந்த அக்கவுன்ட்டில் ஓடுகிறதோ அதற்கு அங்கே எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ரோபோகாப்பி 8-ஐத் தொட்டால் மட்டும் தோல்வி என்று எழுதுங்கள். ரோபோகாப்பியில் மிரர் விருப்பத்தைப் போடும் முன் நூறு முறை யோசியுங்கள், இந்தப் பக்க ஃபோல்டர் காலியானால் அந்தப் பக்கத்தையும் சுத்தமாகத் துடைத்துவிடும். வெற்றி மெயிலை நிறுத்திவிடுங்கள், அதை யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கணினி நாஸைப் பார்த்து, கடைசி ஃபைலுக்கு ஒரு நாளுக்கு மேல் வயதாகிவிட்டாலோ, அளவு திடீரென்று சுருங்கிவிட்டாலோ மட்டும் கத்தட்டும்.

இதையெல்லாம் செய்தாலும், மாதம் ஒருமுறை அந்த ஃபைலை எடுத்து வேறொரு கணினியில் ரெஸ்டோர் செய்து பார்க்காதவரை உங்களிடம் பேக்கப் கிடையாது. எஸ்க்யூஎல் சர்வரில் வெரிஃபைஒன்லி கட்டளை ஓட்டினேன், ஓகே என்று வந்தது என்பார்கள். ஃபைல் முழுதாக இருக்கிறது, படிக்க முடிகிறது என்று மட்டும்தான் அது சொல்லும், உள்ளே டேட்டா சரியாக இருக்கிறதா என்று சொல்லாது. ரெஸ்டோர் செய்த பிறகு சாஃப்ட்வேரைத் திறந்து, நேற்று கடைசியாகப் போட்ட பில் நம்பரைக் கடையில் இருக்கும் ஆளிடம் போனில் கேளுங்கள். ஒத்துப்போகிறதா? அவ்வளவுதான் சோதனை. அப்படியே எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள், நாளைக்கு முதலாளி முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

எல்லா சர்வரிலும் ஒரே நேரத்தில்

அன்சிபிளின் பலமும் ஆபத்தும் ஒன்றுதான், ஒரே என்டரில் இருபது சர்வரைச் சரிசெய்யும், அதே என்டரில் இருபதையும் சாய்க்கும். முதலில் ஒன்றில், அப்புறம் இரண்டு மூன்றில், பிறகு மற்றதில் என்று பிரித்து ஓட்ட லிமிட், சீரியல் எல்லாம் இருக்கிறது. எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் செக் மோடில் ஓட்டிப் பார்த்தேன், பிரச்சினையே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று: ஷெல் கட்டளைகளை செக் மோட் ஓட்டாமல் தாண்டிவிடும், உங்கள் பிளேபுக் (அன்சிபிளுக்கு எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல்) முழுக்க ஷெல் என்றால் நீங்கள் எதையுமே சோதிக்கவில்லை. 2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. படிப்படியாக அனுப்பியிருந்தால் அந்த எண்ணிக்கையே வந்திருக்காது.

நேரம்

கிளவுட் சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும். லினக்ஸில் நேரம் குறித்து வேலையை ஓட்டும் கிரானில் இரவு 11 என்று எழுதினால் நமக்கு விடிகாலை 4.30. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கடைக்காரரின் பில்லிங் சர்வரில் அந்த நேரத்தில் பேக்கப்பை ஓட்டிப் பாருங்கள், உங்கள் போன் நம்பர் அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

சர்டிபிகேட்

வெப்சைட்டின் பாதுகாப்புச் சர்டிபிகேட்டை செர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பித்துவிடும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாவிட்டால் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கையால் போட்டுக்கொள்கிறேன் என்ற பேச்சும் இனி எடுபடாது, 2029 மார்ச்சில் இருந்து பொதுச் சர்டிபிகேட்டின் அதிகபட்ச ஆயுள் 47 நாள்தான்.

கையால் ஒரு சின்னத் திருத்தம்

அடுத்த முறை பிளேபுக் ஓடும்போது காணாமல் போகும். பிளேபுக்கில் திருத்துங்கள்.

கிட்டில் பாஸ்வேர்ட்

கிட் (Git) என்பது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைப்பது, அதில் போட்ட பாஸ்வேர்டை அழித்தாலும் ஹிஸ்டரியில் இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

மாதாந்திர மின்தடை

பேப்பரில் முன்னாலேயே போட்டுவிடுகிறார்கள், அப்படியும் அன்று காலையில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. யுபிஎஸ்ஸில் சர்வரை மாட்டியிருப்பார்கள், நெட்வொர்க் சுவிட்ச்சை மாட்டியிருக்க மாட்டார்கள், அதனால் சர்வர் ஜம்மென்று ஓடும், யாராலும் அதைத் தொட முடியாது. பேட்டரி குறைந்தால் சர்வர் தானாக ஒழுங்காக ஷட்டவுன் ஆகிறதா, கரன்ட் வந்ததும் தானாக எழுந்திருக்கிறதா, டேட்டாபேஸ் தயாராகும் முன் அப்ளிகேஷன் கிளம்பி விழுகிறதா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்த பிறகு, நீங்களே மெயினை அணைத்துப் பாருங்கள்.

டொமைன் யார் பெயரில்?

வேலையை விட்டுப் போன பையனின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. மாற்றுங்கள், அவர் போனை எடுக்கும்போதே.