கேரமல் டார்க் பீரை ஜில்லுனு குடிக்காதீங்க

கேரமல் டேஸ்ட் வர்ற டார்க் பீர் வாங்குனா குடிக்கிறதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து வெளிய வச்சிருங்க, பாட்டிலோட குடிக்காம வாய் அகலமான கிளாஸ்ல பாதி மட்டும் ஊத்துங்க. ஃபிரிட்ஜ் 4 டிகிரி பக்கம் இருக்கும், அந்த ஜில்லுல நாக்கு மரத்துப் போயிரும் வாசனையும் மேல எழும்பாது, வெறும் கசப்பும் கேஸும்தான் தெரியும், குடுத்த காசு வேஸ்ட். 10-12 டிகிரிக்கு வந்ததும் பாருங்க, மியூனிக்கோட சால்வேட்டர் மாதிரி டாப்பல்பாக்ல (ஜெர்மனியோட ஸ்ட்ராங் பீர் வகை) முதல்ல ரொட்டி ஓரம் சிவந்த வாசம், அப்புறம் பாகு பதம் தாண்டி லேசா கருகப் போறப்ப வருமே அதே வாசம், கடைசில கொஞ்சம் உலர் திராட்சை. இதுக்குன்னு தனியா கேரமல் எதுவும் ஊத்துறதில்ல, மால்ட்டை, அதாவது முளைகட்டின பார்லியை, சூட்டுல சிவக்க விடுறதுலயே வர்றதுதான். ஆனா சால்வேட்டர்ல 7.9% ஆல்கஹால், மெதுவா போங்க.

வெளிர் கலர் பில்ஸ்னருக்கு இது சரிவராது, அது ஜில்லுனு இருந்தாதான் பீர். ரூமே 35 டிகிரில கொதிக்குதுன்னா 10 நிமிஷமே ஜாஸ்தி. பழைய ஸ்டாக் பாட்டில்னா எடுத்து வைக்கவே வேணாம், நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் இன்னும் தூக்கலா வரும்.