பல வருடம் நின்ற ஸ்பிட்ஃபயரை மறுபடி ரோட்டில் ஓட்டுவது எப்படி

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் ஷெட்டுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அவ்வப்போது வரும். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வமாகத்தான் வரும். எது வந்தாலும் கதை ஒன்றுதான். தாத்தா ஓட்டிய வண்டி, பத்துப் பன்னிரண்டு வருடம் தார்ப்பாய் போர்த்தி நின்றது, இப்போது பேரனுக்கு ஆசை வந்திருக்கிறது. "புது பேட்டரி மாட்டி ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம், அக்கா" என்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த ஒரு தடவைதான்.

என் அப்பா வண்டலூர் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1961 முதல் அங்கே ஹெரால்டு தயாரானது. சின்ன வயதில் சோழவரம் ரேஸுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். ஓடுதளத்தில் கார்கள் திரும்பும்போது பின்சக்கரத்தைப் பார் என்று காட்டுவார். அவர் கற்றுக் கொடுத்த வரிசையில்தான் இன்றும் வேலை செய்கிறேன்: முதலில் வண்டி நிற்க வேண்டும், அப்புறம் திரும்ப வேண்டும், அதற்கப்புறம்தான் ஓட வேண்டும். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஸ்பிட்ஃபயர் 1962-இல் வந்தது. உடலை வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி, ஹெரால்டை வரைந்த அதே இத்தாலியர். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன்மேல் ஸ்போர்ட்ஸ் காரை உட்கார வைத்தார்கள். அதனால் கீழே நான் சொல்வதில் பெரும்பாலானது ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். முன்பக்கம் முழுவதும் பானெட்டோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். வேலை பழக இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

முதலில் ஸ்பேனர். இந்த வண்டியின் நட்டுகள் இன்ச் அளவு. அரை இன்ச் நட்டு 12.7 மில்லி, அதில் 13 மில்லி ஸ்பேனரைப் போட்டால் உட்காரும். துருப்பிடித்த நட்டில் கொஞ்சம் பலம் கொடுத்ததும் முனை மழுங்கிவிடும், பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். 7/16, 1/2, 9/16 மூன்றிலும் ரிங் ஸ்பேனர் வாங்கிவிடுங்கள். வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதுவும் திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரைத் திறந்தால் உள்ளே துரு குழிகுழியாக இருக்கும். எம்ரி போட்டுத் தேய்த்துப் புது வாஷர் மாட்டினால் ஒரு மாதம் ஓடும், மறுபடி கசியும். குழி விழுந்திருந்தால் புது சிலிண்டர் போடுங்கள், இல்லையென்றால் லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டு வாங்குங்கள். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். உள்ளே வீங்கியிருந்தால், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். நான் எல்லா ஹோஸையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவேன். ஆரம்பகால வண்டிகளில் பிரேக் சர்க்யூட் ஒன்றே ஒன்றுதான். ஓரிடத்தில் போனால் நாலு சக்கரத்துக்கும் போய்விடும்.

அப்புறம் ட்ரன்னியன். இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கிறது. அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுற்றுகிறது. அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். அதற்கு வேண்டியது கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை கிரீஸ் கன்னுக்குப் போகிறது. கிரீஸ் உள்ளே போய்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும், மரையின் ஆழம் வரை எட்டாது. மழைத் தண்ணீர் உள்ளே நின்று தண்டைத் தின்னும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கிவிடும்.

இது நடந்து நான் பார்த்திருக்கிறேன். வேறொரு பட்டறையில் "ஃபுல் சர்வீஸ்" முடித்த ஸ்பிட்ஃபயர் அது. வாங்கியவர் கேளம்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது இடதுபக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நடை வேகம் என்பதால் யாருக்கும் அடியில்லை. கழற்றிப் பார்த்தால் மேலே புதுக் கிரீஸ், கீழே காய்ந்த கறுப்புக் கட்டி, தண்டின் மரையில் பாதி காணோம். கடற்கரைச் சாலையில் எண்பதில் போகும்போது அது நடந்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் நீண்டநாள் நின்ற வண்டியில் ட்ரன்னியனைக் கழற்றுங்கள், தண்டைப் பெட்ரோலில் கழுவி, மரையை வெளிச்சத்தில் பாருங்கள். அரிப்போ வரிவரியாகத் தேய்மானமோ இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். பிறகு பழைய கிரீஸ் கன் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, அதில் கியர் ஆயிலை நிரப்பி, மேல்பக்கம் ஆயில் கசிந்து வரும்வரை அடியுங்கள். நம் ஊர் மழைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித்தால் நல்லது. சாலையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டியிருந்தால் மறுநாளே அடியுங்கள்.

இப்போது எஞ்சின். சாவியைத் தொடாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள். எஞ்சின் தடையில்லாமல் சுற்றினால் நல்ல செய்தி. இடித்து நின்றால் பலத்தைக் காட்டாமல் இன்னும் ஊறவிடுங்கள். பழைய ஆயிலை இறக்கி 20டபிள்யூ-50 ஊற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும்.

அதற்கு முன் ஒரு சோதனை உண்டு, இரண்டு நிமிட வேலை. ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால், எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் நுனியிலுள்ள புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிறை வடிவத் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. இந்த எஞ்சினுக்குப் பிறவியிலேயே உள்ள பலவீனம் இது. தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் போய் பிளாக்கையே கடையும், அப்புறம் பிளாக்கைக் காப்பாற்றுவது பெரும்பாடு. எஞ்சினடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கிக் கீழேயிருந்தே வாஷர்களை மாற்றிவிடலாம். வாஷரில் எண்ணெய்ப் பள்ளம் உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் புது வாஷரும் சீக்கிரமே போய்விடும். இதே காரணத்துக்காக, சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள், நியூட்ரலில் போடுங்கள். அண்ணாசாலையில் ஓட்டுபவர்களுக்கு இதை நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டுக்கும் 0.010 இன்ச். எட்டு வால்வு என்பதால் ஒன்பது என்ற எண்ணை நினைவில் வையுங்கள். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இப்படியே கூட்டினால் ஒன்பது வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.015 இன்ச், பிளக் இடைவெளி 0.025 இன்ச். பேட்டரி மாட்டும் முன் எர்த் எந்தப் பக்கம், அதாவது எந்த முனை வண்டியின் உடலோடு சேர்கிறது என்று பார்த்துவிடுங்கள். முதல் இரண்டு மாடல்களில் பாசிட்டிவ் எர்த். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டியவர்கள் பலர்.

பெட்ரோல் விஷயம் இப்போது மாறிவிட்டது. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதில் ஊறிப் பிசுபிசுத்துவிடும், துகள் போய்க் கார்புரேட்டரை அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், பம்ப்புக்குப் புது டயாஃப்ரம், கார்புரேட்டருக்குப் புது வாஷர் செட், இவை மூன்றும் கட்டாயம். டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் டேங்க்கைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீர் சேரும்.

ஸ்பிட்ஃபயரில் எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு. நான் ஆசையாகச் செய்யும் வேலை இது. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டு இரண்டையும் முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். எஞ்சின் சூடானதும் ஒரு ரப்பர் ட்யூபின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் சீறல் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், சட்டென்று அணையப் போனால் குறைவு, லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கார்புரேட்டரின் தலைப்பக்கம் உள்ள டாஷ்பாட் குழியில் 20 கிரேடு மெல்லிய ஆயில் விட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் வண்டி திக்கும்.

ரேடியேட்டரைப் புதுப்பேட்டையில் கொடுத்து, மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய் ஒவ்வொன்றையும் குத்திச் சுத்தம் செய்து வாங்குங்கள். மே மாத வெயிலில் கார்புரேட்டரே கொதிக்கும், ஏனென்றால் எக்ஸாஸ்ட் அதே பக்கத்தில் நேர் கீழே இருக்கிறது. நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் பதறாமல் பானெட்டைக் கவிழ்த்து ஆறவிடுங்கள்.

பேப்பர் வேலையும் உண்டு. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதியின்படி விண்டேஜாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. வரும். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். இதைப் பழுதுபார்ப்பதைவிட முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸிலில் தொங்குகின்றன, அதாவது மேலும் கீழும் போகும்போது சக்கரம் அச்சோடு சேர்ந்து சாயும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ பின்பக்கம் மேலே எழும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளும், வால் வீசிவிடும். அப்பா சோழவரத்தில் காட்டியது இதைத்தான். வேகத்தை வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் குறைத்துவிடுங்கள். திரும்பும்போது வலது கால் லேசாக, அசையாமல் ஆக்சிலரேட்டர் மேலேயே இருக்கட்டும். டயர் காற்றும் இதோடு சேர்ந்தது. முன்னால் 21, பின்னால் 26 வையுங்கள். காற்றுப் பிடிக்கும் தம்பி நாலுக்கும் ஒரே அளவாக 30 போட்டுவிடுவார், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

1970-க்கு முந்தைய வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது ஓட்டத்திலேயே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு போடுங்கள். உருண்டுகொண்டிருந்தால் இரண்டாவதே போதும்.

முதல் ஓட்டம் எஸ்டேட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர். கூட ஸ்பேனர் பெட்டியோடு இன்னொரு வண்டி வரட்டும். அது நன்றாகப் போனால் ஒரு ஞாயிறு காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கடற்கரைச் சாலையில் கிளம்பி, முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புங்கள். முதல் தடவையே மாமல்லபுரம் வேண்டாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. எஞ்சினடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, டீ குடித்து முடித்து வந்து, எங்கே எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

ஷெட்டுக்கு வந்ததும் அந்தத் தாளில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை இறக்கி, டாப்பெட்டை மறுபடி பார்த்து, சஸ்பென்ஷன் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, புல்லி சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள்.